சித்திரையிலும் காயாத ஈரம்: மாடித் தரையை மாற்ற நினைக்கும் தண்டையார்பேட்டை வாசகிக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை நீக்கிவிட்டு அதைச் சுருக்கித் தருகிறேன். 1994-இல் மாமனார் கட்டிய இரண்டு தள வீடு அது. கீழ்த்தளத்தில் கொழுந்தனார் குடும்பமும் மேல்தளத்தில் இவரும் கணவரும் இரண்டு குழந்தைகளும் மாமியாரும் வசிக்கிறார்கள். மேலே 26 அடிக்கு 20 அடி, அதாவது 520 சதுர அடி மொட்டைமாடி. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை, அதன் மேல் தட்டோடு, அதாவது சுட்ட மண்ணாலான தட்டையான ஓடு. தட்டோடுகள் கறுத்துப் பாசி பிடித்துவிட்டன. மழைக்காலத்தில் மாமியார் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறார். கோடையில் மேல்தளப் படுக்கையறை இரவிலும் அனலாக இருக்கிறது. அந்த அறையின் மூலையில் ஈரம் படர்ந்து, கையகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. தெருப்பக்கம் 11 அடிக்கு 4 அடி பால்கனி ஒன்றும் இருக்கிறது. அதன் சிமெண்ட் தரையில் வெடிப்பு விழுந்துள்ளது.

கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் நான்கு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய தட்டோட்டின் மேலேயே கலவை போட்டுப் பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் பதிக்கலாம், சதுர அடிக்கு 95 ரூபாய் ஆகும் என்கிறார் கொத்தனார். கூலிங் டைல்ஸ்தான் சரி, 120 ரூபாய் என்கிறார் கடைக்காரர். செயற்கைப் புல் விரிப்பை வாங்கிப் போட்டால் 40 ரூபாயில் வேலை முடிந்துவிடும் என்கிறார் வாசகியின் தம்பி. நான்காவதாக வந்தவர், ஓடுகளின் இடைவெளிகளையும் ஓரங்களையும் அடைத்து வெள்ளைப் பூச்சு அடித்துத் தருகிறேன், மொத்தமாக 19,000 கொடுங்கள் என்றாராம். 'அது வெறும் பூச்சுதானே, தரை இல்லையே என்று அவரை அனுப்பிவிட்டோம்' என்று எழுதும் வாசகி, மலிவாகவும் நீடித்தும் இருக்கும் தரை எது என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் தரையைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. ஆனால் என்னை நிறுத்தியது நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி: 'படுக்கையறை மூலையில் அந்த ஈரம் சித்திரை மாதத்தில்கூட முழுசாகக் காய்வதில்லை.' வீட்டுக்கு வந்த நான்கு பேரிடமும் இதைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் ஒருவராவது டைல்ஸ் பேச்சை நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடி, ஆவணியில் மாலை நேரத்தில் இடி மழை சில நாள் பெய்யும். தை பிறந்த பிறகு பெரும்பாலும் மழை கிடையாது. மழைநீர் கூரை வழியாக இறங்குவதுதான் உங்கள் ஈரத்துக்குக் காரணம் என்றால், மாசி, பங்குனி வெயிலில் அது காய்ந்து, உப்புப் பூத்த வெள்ளைக் கறை மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும். சித்திரையிலும் ஈரம் நிற்கிறது என்றால் ஆண்டு முழுவதும் ஓடும் ஏதோ ஒரு தண்ணீர் அங்கே இறங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு குறிப்பும் உங்கள் கடிதத்திலேயே கிடைக்கிறது. மழைநீர்க் குழாய் ஈசானிய (வடகிழக்கு) மூலையில் இருப்பதாகவும், 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி கன்னி (தென்மேற்கு) மூலையில் செங்கல் மேடை மேல் நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஈரமான படுக்கையறை மூலை அந்தத் தொட்டிக்கு நேர் கீழே வருகிறது. தளத்தின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, கன்னி மூலையிலிருந்து ஈசானியம் நோக்கி இறங்குகிறது என்றால், கன்னி மூலைதான் மாடியின் மேடான இடம். மழைத் தண்ணீர் அங்கிருந்து விலகி ஓடுமே தவிர அங்கே போய்த் தேங்காது. மழைக் கசிவு என்றால் முதலில் நனைய வேண்டியது குழாய் இருக்கும் மூலைதான். மேடான மூலை நனைகிறது, பள்ளமான மூலை காய்ந்திருக்கிறது. தொட்டியின் உபரி நீர்க் குழாய், தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் இணைப்பு, செங்கல் மேடையின் அடி ஆகிய மூன்றில் ஒன்றை நான் சந்தேகிக்கிறேன். மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோய்த் தொட்டி நிரம்பி வழிவது நம் வீடுகளில் வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கிற கதை. அந்தத் தண்ணீர் மேடையின் அடியில் பாசி பிடித்த ஓட்டு இடைவெளிகளில் இறங்கினால், கீழே நீங்கள் சொல்லும் ஈரம்தான் கிடைக்கும்.

இது என் ஊகம். பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் காசு செலவில்லாமல் சோதித்துவிடலாம். ஈர எல்லையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு பத்து நாள் தொட்டியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். குழாய் இணைப்புகளைத் துணியால் துடைத்துவிட்டு, செய்தித்தாள் சுற்றி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். மழையில்லாத அந்தப் பத்து நாளில் ஈரம் கோட்டுக்குள் சுருங்கினால் குற்றவாளி தொட்டிதான். குழாய்க்காரருக்குக் கொடுக்கும் சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்கு நீங்கள் 49,400 ரூபாய்க்கு டைல்ஸ் போடப் பார்த்தீர்கள் என்பது அப்போது தெரியும். சுருங்கவில்லை என்றால் தளத்தில் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். அதையும் கம்பி தெரியும் அந்த மூலைக்கு மேல் செய்ய வேண்டாம். மற்ற பகுதிகளில் களிமண்ணால் சிறு வரப்பு கட்டி, இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்தி, கீழே கூரையைக் கவனித்தால் போதும்.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்ற நம்பிக்கை

உங்கள் கடிதம் முழுவதும் ஓர் எண்ணம் ஓடுகிறது: பழைய ஓடு கெட்டுவிட்டது, அதனால் ஒழுகுகிறது, நல்ல டைல்ஸ் போட்டால் ஒழுகல் நின்றுவிடும். இந்த எண்ணம் உங்களுக்கு மட்டும் இல்லை. டைல்ஸ் கடைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதை நம்பித்தான் வருகிறார்கள், கடைக்காரர்களும் அதைத் திருத்துவதில்லை. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் டைல்ஸைத் துளைத்துக்கொண்டு இறங்குவதில்லை. இரண்டு டைல்ஸுக்கு நடுவிலுள்ள இடைவெளியிலும், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையிலும், மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றியும்தான் அது இறங்குகிறது. கூரை ஒழுகும் வீடுகளில் நான் பார்த்த வரையில் பெரும்பாலான கசிவு இந்த மூன்று இடங்களில்தான். நடுத்தளத்தில் ஒழுகுவது குறைவு.

புதிய டைல்ஸ் போட்டால் இந்த இடங்கள் மறைந்துபோகும், அவ்வளவுதான். பகலில் காற்று 40 டிகிரியைத் தொடும் நாளில் மாடியின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். இரவில் அது முப்பதுக்கு இறங்கும். இப்படித் தினமும் விரிந்து சுருங்கும் டைல்ஸுக்கு நடுவில் வெறும் வெள்ளை சிமெண்ட்டை இழுத்துவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் மயிரிழை விரிசல் விழும். அந்த வழியாக இறங்கும் தண்ணீர் டைல்ஸுக்கு அடியிலுள்ள கலவையில் தங்கிவிடும், வெயிலால் அதைக் காய வைக்க முடியாது. தட்டோட்டில் விழுந்த விரிசல் கண்ணுக்குத் தெரியும், நாமே அடைக்கலாம். டைல்ஸுக்கு அடியில் தேங்கிய நீர் எங்கே புகுந்தது, எங்கே வெளிவருகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. இப்படி மறைந்துபோன கசிவைத் தேடி, புதிதாகப் பதித்த டைல்ஸைப் பாதிக்கு மேல் பெயர்த்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவு பதித்த செலவைவிட அதிகம்.

எடை

கொத்தனார் சொன்ன முறையில் எனக்கு இன்னும் பெரிய தயக்கம் ஒன்று இருக்கிறது. பழைய தளத்தின் மேல் ஒன்றரை அங்குலம் சிமெண்ட் கலவையும் அதன் மேல் டைல்ஸும் பதித்தால், சதுர அடிக்கு ஏறக்குறைய ஒன்பதரை கிலோ கூடும். உங்கள் 520 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் அது ஐந்து டன்னுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு, அதன் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. சதுர அடிக்கு அது 14 கிலோ. ஆட்களுக்கும் பொருட்களுக்கும் என்று விட்டுவைத்த அந்தத் தாங்குதிறனில் மூன்றில் இரண்டு பங்கை டைல்ஸ் ஒன்றே நிரந்தரமாக எடுத்துக்கொண்டுவிடும்.

கட்டி முடித்த புதுக் கூரையில் இதைச் சமாளிக்கலாம். உங்களுடையது காசிமேட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் முப்பது ஆண்டு கடல் காற்று வாங்கிய கூரை. கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. உங்கள் படுக்கையறையில் உதிர்ந்தது பூச்சு மட்டும்தானா, கம்பியை மூடியிருந்த கான்கிரீட்டும் சேர்ந்து பெயர்ந்ததா என்பதை ஒரு பொறியாளர் நேரில் தட்டிப் பார்க்க வேண்டும். நீங்களே ஒரு மரக்கட்டையால் கூரையின் அடிப்பகுதியை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் 'டங்' என்று கேட்கும், பெயர்ந்து நிற்கும் இடத்தில் 'பொத் பொத்' என்று உள்ளீடில்லாத சத்தம் வரும். பொத்தலான சத்தம் அந்த மூலையைத் தாண்டிப் பல இடங்களில் வந்தால், மாடித் தரை பற்றிய பேச்சை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டுக் கூரையைச் சரிசெய்யுங்கள்.

தெரியும் கம்பியின் மேல் வெறும் சிமெண்ட்டை அப்பி மூடச் சம்மதிக்காதீர்கள். மேலே தண்ணீரை நிறுத்தி, இடம் நன்றாகக் காய்ந்த பிறகு, தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்ப்பதா என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும், கொத்தனார் அல்ல. கூரையின் அடியில் 'வாட்டர் புரூஃப்' பெயிண்ட் அடித்தால் ஈரம் நிற்கும் என்று பெயிண்டர் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுக் கம்பியை இன்னும் வேகமாகத் தின்னும்.

எடைக்கு அஞ்சிப் பழைய தட்டோட்டையும் ஜல்லிக் காரையையும் முழுக்கக் கொத்தி எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தளம் கெட்டியாக இருக்கும்வரை வேண்டாம் என்பேன். அந்த மூன்று, நான்கு அங்குலச் செங்கல் ஜல்லிக் காரைதான் இப்போது வெயிலுக்கும் உங்கள் படுக்கையறைக்கும் நடுவில் நிற்கிறது. அதை எடுத்துவிட்டுச் சிமெண்ட் கலவை போட்டால் அறை இன்னும் சூடாகும். கொத்தும்போது விழும் அடி துருப்பிடித்த கூரைக்கு நல்லதில்லை. இடிபாடு மட்டுமே ஒன்பது டன்னுக்குக் குறையாது. அதைச் சாக்கில் கட்டி இறக்கி, ராத்திரியில் கால்வாய்க் கரையில் கொட்டிவிட்டுப் போகும் ஆட்களைத்தான் நம் பக்கத்தில் பார்க்கிறோம்.

உங்கள் பாட்டி வீட்டு மாடியைப் பற்றி ஆசையோடு எழுதியிருந்தீர்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய சுண்ணாம்புக் காரை அது. உங்கள் தட்டோட்டுக்கு அடியில் இருப்பதும் ஏறக்குறைய அதே குடும்பம்தான், அடித்த அடி மட்டும் குறைவாக இருந்திருக்கலாம். இன்று அதை அந்த நேர்த்தியோடு செய்யும் கைகள் குறைந்துவிட்டன. இருப்பதைப் பாதுகாப்பது புதிதாகச் செய்வதைவிட எளிது.

நீங்கள் திருப்பி அனுப்பிய நான்காவது ஆள்

19,000 ரூபாய்க்கு வேலை பேசியவர் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் யோசனையைத்தான் சொல்லியிருக்கிறார். அதன் பெயரில் 'தரை' இல்லை என்பதால் நீங்கள் அவரை விட்டுவிட்டீர்கள். அவரையே கூப்பிடலாம். ஆனால் வேலையை இன்ன வரிசையில் செய்ய வேண்டும் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, தளத்தை முழுதும் காய விட வேண்டும். பிறகு வாட்டம் பார்க்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கினால் நல்ல வாட்டம். ரசமட்டமோ தண்ணீர் நிரப்பிய டியூப்போ வைத்துப் பார்த்தால் எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். அதைவிட எளிய வழி, மழை விட்ட ஒரு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய், தண்ணீர் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போடுவது. பள்ளமான இடத்தில் மட்டும் ஓடுகளை எடுத்து, காரையைச் சரிசெய்து, மீண்டும் ஓடு பதிக்கலாம். மற்ற இடங்களில் ஓடுகளின் இடைவெளியில் தளர்ந்துபோன பழைய கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாலிமர் சேர்த்த கலவையால் நிரப்ப வேண்டும்.

அடுத்ததாகச் சொல்லப்போவதைத்தான் ஆட்கள் வழக்கமாக விட்டுவிடுகிறார்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை நேர்கோணமாக இருந்தால் அங்கே விரிசல் நிச்சயம். நான்கு பக்கமும் அந்த மூலையை உருட்டாகப் பூசி, பூச்சுக்கு நடுவில் கண்ணாடி இழை வலை வைத்து, தளத்தில் ஓர் அடியும் சுவரில் ஓர் அடியும் ஏறும்படி நீர்த்தடுப்புப் பூச்சு பூச வேண்டும். மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றியும் இதே வேலை, அதன் மேல் இலை, தழை அடைக்காமல் ஒரு வலைமூடி. உங்கள் தளத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,800 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். அத்தனையும் அந்த ஒரே வாய் வழியாக இறங்கியாக வேண்டும். மிக்ஜாம் புயல் மழையில் 2023 டிசம்பரில் உங்கள் மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். கணுக்கால் அளவு என்பது நான்கு அங்குலம். 520 சதுர அடியில் அது ஏறக்குறைய ஐந்து டன். நாலங்குலக் குழாய் இன்னொன்றைத் தாழ்வான பக்கத்திலேயே பொருத்த முடியுமா என்று குழாய்க்காரரிடம் கேளுங்கள். குறைந்தது, தண்ணீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறினால் வெளியே கொட்டும்படி கைப்பிடிச் சுவரில் ஒரு துவாரமாவது இருக்கட்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வெள்ளைப் பூச்சு. கூலிங் டைல்ஸின் குளிர்ச்சியில் பெரும்பகுதி அதன் வெள்ளை நிறத்தால் வருவது. அதே வெள்ளையைப் பூச்சாகவும் வாங்கலாம். இழுபட்டு நீளும் தன்மையுள்ள அக்ரிலிக் வெள்ளைப் பூச்சை இரண்டு கை அடித்தால் சில ஆண்டுகள் தாங்கும். பணம் போதவில்லையா, நீற்றுச் சுண்ணாம்பில் சிறிது பசை சேர்த்து ஒவ்வொரு பங்குனியிலும் அடியுங்கள். மழை அதை அடித்துக்கொண்டு போய்விடும், ஆனால் மழைக்காலத்தில் உங்களுக்கு வெள்ளை தேவையில்லையே. நம் பக்கத்துக் கருந்தூசி வெள்ளையை ஒரே கோடையில் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை துடைப்பமும் தண்ணீரும் போட்டால்தான் குளிர்ச்சி நிலைக்கும்.

டைல்ஸ் வேண்டவே வேண்டாமா?

மாலையில் குழந்தைகளோடு உட்கார ஓர் இடம், மாமியார் வழுக்காமல் போய் வடகம் காயவைக்க ஒரு வழி, இரண்டும் நியாயமான ஆசைகள். அதற்கு 520 சதுர அடியும் வேண்டியதில்லை. மாடிப்படி அறை வாசலிலிருந்து மேற்குச் சுவரோரமாக, மேடான பக்கத்தில், 12 அடிக்கு 10 அடி இடத்தை மட்டும் வெள்ளைப் பூச்சு அடிக்காமல் ஒதுக்கச் சொல்லுங்கள். அங்கே சிமெண்ட் வகை நீர்த்தடுப்புப் பூச்சை அடித்து, அதன் மேல் சொரசொரப்பான ஓரடி கூலிங் டைல்ஸைப் பசை கொண்டு ஒட்டலாம். ஒன்றரை அங்குலக் கலவை தேவைப்படாது, எடையும் குறையும். அக்ரிலிக் பூச்சின் மேல் டைல்ஸ் பசை சரியாகப் பிடிக்காது, அதனால்தான் இடத்தை முன்கூட்டியே குறிக்கச் சொல்கிறேன். டைல்ஸுக்கு நடுவில் 3 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், அதைப் பாலிமர் கிரவுட் என்னும் இடைவெளிக் கலவையால் அடைக்க வேண்டும், சுவரை ஒட்டும் இடத்தில் இறுகிப்போகாமல் இழுபடும் சீலன்ட் என்னும் அடைப்புப் பசை போட வேண்டும். பளபளப்பான ரகத்தை யார் இலவசமாகக் கொடுத்தாலும் மாடிக்கு வாங்காதீர்கள். ஒருமுறை விழுந்தவர் இருக்கும் வீடு உங்களுடையது.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதிக்கும் சைனா மொசைக் இருக்கிறது. துண்டுகள் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் கூலி ஏறும், கலவையின் எடையும் உண்டு. கூர்மையான ஓரங்கள் வெளியே நிற்காமல் பதிக்கத் தெரிந்த கை வேண்டும், வெறுங்காலோடு ஓடும் குழந்தைகளுக்காகச் சொல்கிறேன். கடப்பா கல் கறுப்பு, வெயிலை அப்படியே குடிக்கும், கனமும் அதிகம். சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரை வீட்டுக்குள் அழகு, வெயிலில் வெடிக்கும்.

தம்பி சொன்ன செயற்கைப் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது பிளாஸ்டிக். சித்திரை வெயிலில் அதன் மேல் வெறுங்காலை வைக்க முடியாது. மழைக்காலத்தில் அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பாசியை வளர்க்கும். 20,800 ரூபாய்க்கு நீங்கள் வாங்குவது ஓர் ஈரச் சாக்கு. பால்கனிக்கு ஒரு சிறு துண்டு போட்டு, மழைக்கு முன் சுருட்டி எடுத்து வைக்க முடியுமானால் தடையில்லை.

பால்கனியின் கதை வேறு. அது சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பலகை. அதைத் தாங்கும் முக்கியக் கம்பிகள் மேற்பக்கத்தில் இருக்கின்றன. அதனால் மேல்தரையில் விழும் வெடிப்பை அங்கே அலட்சியம் செய்யக் கூடாது. வெடிப்பு சுவரை ஒட்டி, சுவருக்கு இணையாக ஓடினால் எந்த வேலையும் தொடங்கும் முன் பொறியாளரை அழையுங்கள், அதுவரை அங்கே பூந்தொட்டிகளை அடுக்க வேண்டாம். தாறுமாறான மேலோட்ட வெடிப்பு என்றால், கெட்டுப்போன சிமெண்ட் தரையை மட்டும் எடுத்துவிட்டு, நீர்த்தடுப்புப் பூச்சுக்கு மேல் சொரசொரப்பான டைல்ஸைப் பசையால் ஒட்டலாம். நான்கடி அகலத்துக்கு அரை அங்குலமாவது தெருப்பக்கம் சாய வேண்டும், வேலை முடிந்த பால்கனித் தரை அறைத் தரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்கள்

கைப்பிடிச் சுவர் மூன்றடி என்று எழுதியிருக்கிறீர்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது குறைந்தது ஒரு மீட்டர், அதாவது மூன்றடி மூன்றங்குலம். இப்போதே குறைவு. கொத்தனார் சொன்னபடி இரண்டு அங்குலம் தரையை உயர்த்தியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். ஓடியாடும் குழந்தைகள் இருக்கும் மாடி அது. சுவரின் மேல் ஒரு வரிசைக் கைப்பிடிக் குழாய் வையுங்கள். கடற்காற்றில் சாதாரண இரும்புக் குழாய் துருப்பிடிக்கும், அந்தத் துரு சுவரையும் பிளக்கும். எவர்சில்வர் குழாயில்கூட 304 ரகத்தில் பழுப்புப் புள்ளிகள் விழும். அடிக்கடி துடைத்து வைத்தால் உறுதி எளிதில் குறையாது.

இரண்டாவது, கொழுந்தனார். மேல்தளம் உங்களுக்கு என்பதால் மொட்டைமாடியும் உங்களுக்கே என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மாடி 'பொது' என்று இருப்பதாகவும் அதே கடிதத்தில் சொல்கிறீர்கள். மேல்தளத்தில் இருப்பவருக்கே மாடி சொந்தம் என்பது நம் ஊரில் பரவலான நம்பிக்கை, ஆனால் பத்திரம் சொல்வதே செல்லும். பழுதுபார்ப்பதற்கு அவர் மறுப்புச் சொல்ல மாட்டார். ஒரு பகுதியில் டைல்ஸ் ஒட்டுவது, புதிய மழைநீர்க் குழாயை அவர் வீட்டுச் சுவரோரமாக இறக்குவது, தொட்டியை நகர்த்துவது ஆகியவற்றை அவரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தொட்டி இரு வீட்டுக்கும் பொது என்றால் அதன் பழுதுச் செலவில் பாதியை அவர் ஏற்பது முறை. கூரைக் கம்பி துருப்பிடித்தால் கட்டடம் முழுவதற்கும் கேடு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பேச்சு முறிந்தால் மட்டும் வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டுங்கள்.

பணக் கணக்கு

உங்களிடம் சொல்லப்பட்ட விலைகளை வைத்தே பார்க்கிறேன். அடைப்பு வேலைக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் 19,000. உட்காரும் இடத்தின் 120 சதுர அடிக்கு 120 ரூபாய் வீதம் 14,400. பால்கனி 44 சதுர அடிதான், ஆனால் சிறு பரப்புக்குச் சதுர அடிக் கூலி கூடும் என்பதால் 6,000 என்று வையுங்கள். மொத்தம் 39,400. மீதி 20,600 ரூபாயைத் தொட்டிக் குழாய், படுக்கையறைக் கூரை, பொறியாளர் வந்து பார்க்கும் கட்டணம் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். கைப்பிடிக் குழாய் இதில் அடங்காமல் போகலாம். பணம் இழுபறியானால் உட்காரும் இடத்து டைல்ஸை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம், அந்த இடத்தின் நீர்த்தடுப்புப் பூச்சை மட்டும் இப்போதே முடித்துவிடுங்கள். கூரை வேலையைத் தள்ளிப்போட முடியாது.

நீங்கள் எழுதியது ஆவணி முதல் வாரத்தில். ஐப்பசி மழைக்கு இரண்டு மாதத்துக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கிறது, நடுவில் மாலை மழையும் வரும். பூச்சு அடிக்கும் முன் தளம் காய இரண்டு, மூன்று நாளும், அடித்த பின் ஒரு நாளும் மழையில்லாமல் வேண்டும். ஆகவே தொட்டிச் சோதனையை இந்த வாரமே தொடங்குங்கள். பத்து நாள் கழித்துப் பென்சில் கோட்டுக்குள் ஈரம் எவ்வளவு சுருங்கியது என்பதையும், கட்டையால் தட்டியபோது எங்கெங்கே பொத்தல் சத்தம் கேட்டது என்பதையும் ஒரு படம் வரைந்து அனுப்பினால், கூரை வேலைக்கு எந்த வகை ஆளைக் கூப்பிடுவது என்று எழுதுகிறேன்.